லேடாங் மலைக்கு நேரம் கிடைத்தவர்கள்

1854ஆம் ஆண்டு ஆல்பிரட் ரசல் வாலஸ் ஜொகூரின் மிக உயரமான மலையின் உச்சியில் உட்கார்ந்து காப்பி போட்டார். மலாக்காவில் தங்கிப் பூச்சிகளும் பறவைகளும் சேகரித்துக்கொண்டிருந்தவர் அவர். அப்போது வயது 31. காப்பிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும்போதே அதன் சூட்டை வெப்பமானியில் பார்த்துக் குறித்துக்கொண்டார். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பதால், மலையின் உயரத்தை அளக்க அன்று அது ஒரு வழி. மாலை தெளிவாக இருந்தது. சுற்றிலும் காடு, நடுவே மின்னும் ஆறுகள். இரவு இலை தழைகளைப் பரப்பி, அதன்மேல் கம்பளி விரித்துச் சுகமாகத் தூங்கினார். காலையில் வண்ணத்துப்பூச்சிகள் சிலவற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அந்த மலை குனோங் லேடாங். ஆங்கிலேயர்கள் மவுண்ட் ஓபிர் என்றார்கள். உயரம் 1,276 மீட்டர். அதன் அடிவாரத்தில், தங்காக்கிலிருந்து சிகாமட் போகும் சாலையை ஒட்டிய ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில் நான் பிறந்தேன். என் பாட்டி அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிகிற நேரத்தில் அவர் வெட்டும் மரவரிசையான நிரையின் முடிவில் நின்று பார்த்தால் மலை முழுதாகத் தெரியும். ஆயுள் முழுக்க அதைப் பார்த்தவர் ஒருமுறைகூட அதில் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று சிறுவயதில் நான் கேட்டபோது, “மலைக்குப் போக யாரும்மா பேர் போடுவா?” என்றார். பேர் போடுவது என்றால் வேலைக்கு வந்ததாகத் தோட்டத்து எழுத்தரான கிராணி கணக்கில் எழுதுவது. பேர் விழாத நாளுக்குக் கூலி கிடையாது.

லேடாங் மலையின் வரலாற்றை நான் அந்தப் பதிலிலிருந்துதான் படிக்கத் தொடங்கினேன். இந்த மலையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கெல்லாம் அங்கே போக ஒரு காரணமும், போய்வர நேரமும் இருந்தன. காலார நடந்து ஒரு மலையைப் பார்த்துவிட்டு வருவது இன்று எளிய இன்பமாகத் தெரிகிறது. அது இங்கே யார் யாருக்கு எப்போது கிடைத்தது என்று கேட்டுப் பார்த்தால், ஜொகூரின் வரலாற்றில் பாதியைச் சொல்லிவிடலாம்.

மலையை முதலில் அறிந்தவர்கள் காட்டு மக்களான ஒராங் அஸ்லி. பிரம்பும் டாமர் பிசினும் வாசனைக் கட்டையும் தேடி அவர்கள் நடந்த தடங்களில்தான் பிறகு எல்லாரும் நடந்தார்கள். கடலோடிகளுக்கு அது வேறு வகையில் தேவைப்பட்டது. முதன்மை மலைத்தொடரிலிருந்து விலகித் தனியாக எழுந்து நிற்பதால் மலாக்கா நீரிணையில் வரும் கப்பல்களுக்கு அது அடையாளம். சோழமண்டலக் கரையிலிருந்து துணிமூட்டை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்கு வந்த நம் வணிகர்களும் கரை தெரியுமுன்பே அந்த நீல மேட்டைப் பார்த்துத்தான் இருப்பார்கள். மலாக்காவில் பிறந்த மனுவேல் கொடின்யோ டி எரேடியா என்ற போர்த்துகீசியக் கலப்பினத்தவர் 1613இல் எழுதிய நூலில் இந்த மலையும், அதில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் இளவரசியும் வருகிறார்கள்.

அந்த இளவரசியின் கதை மலாய் அரச வரலாறான சுலாலத்துஸ் சலாத்தினில் இருக்கிறது. மலாக்கா சுல்தான் மஹ்முட் அவளை மணக்க விரும்பித் தூது அனுப்புகிறார். மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், தட்டுத் தட்டாகக் கொசுவின் இதயம், ஒரு சால் கண்ணீர், கடைசியில் சுல்தானின் ரத்தமும் அவர் மகனின் ரத்தமும் ஆளுக்கொரு கிண்ணம் என்று அவள் கேட்கிறாள். எல்லாவற்றையும் தர முடிந்தாலும் மகனின் ரத்தத்தைத் தர மனமில்லாமல் சுல்தான் விட்டுவிடுகிறார். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, மேலே போனவர் தூதர்தான், அரசர் அல்ல என்பது. மூச்சிரைக்க ஏறியவர்கள் தூதரான துன் மாமாட்டும் அவருடன் போனவர்களும். 2004இல் இந்தக் கதையைப் பெரிய செலவில் மலாய்ப் படமாக எடுத்தார்கள். ஆஸ்கார் போட்டிக்கு மலேசியா அனுப்பிய முதல் படம் அதுதான்.

தாவரம் தேடி வந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் வரத் தொடங்கினார்கள். மலாக்காவின் அதிகாரியாக 1818வரை இருந்த வில்லியம் ஃபார்குவார், சீன ஓவியர்களை வைத்துச் செடிகொடிகளையும் உயிரினங்களையும் வரையச் சொன்னவர்; அந்தப் படங்களில் 477 இன்றும் சிங்கப்பூரில் பத்திரமாக உள்ளன. அவர் வழியாக இந்த மலையிலிருந்து போன ஒரு பெரணிக்கு 1829இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் மட்டோனியா பெக்டினாட்டா என்று பெயர் வைத்தார். நீண்ட காம்பின் உச்சியில் விரித்த விசிறியாக இலை நிற்கும். அதன் உறவினங்கள் ஐரோப்பாவின் டைனோசர் காலத்துப் பாறைகளில் கல்லாகக் கிடக்கின்றன. லேடாங்கின் மேல்பகுதியில் அது இன்றும் பசுமையாக நிற்கிறது, பாதையோரத்தில், கையெட்டும் தூரத்தில். மலையில் என் மனம் அதிகம் நிற்கும் இடம் அந்தப் பெரணிப் புதர்தான்.

சென்னையில் உதவி மருத்துவராகக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்ந்து, இந்தியா முழுவதும் தாவரம் தேடி நடந்த வில்லியம் கிரிபித்தும் இங்கே சேகரித்தார். 1845இல் மலாக்காவிலேயே இறந்தார். இவர்களுக்காகக் காட்டுக்குள் போன உள்ளூர்க் கைகளைப் பற்றி ஓரளவு தெரிய வருவது முன்ஷி அப்துல்லா எழுதியதால். நாகூரில் மணம் முடித்த ஓர் அரபுப் பெரியவரின் வழிவந்தவர் அப்துல்லா, தமிழும் படித்தவர். ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸ் மலாக்காவில் இருந்தபோது இலை பூக்களுக்கு ஓர் ஆள், பூச்சிகளுக்கு ஓர் ஆள், சிப்பி பவளத்துக்கு ஓர் ஆள் என்று சம்பளத்துக்கு வைத்திருந்ததைத் ஹிகாயத் என்ற தம் வாழ்க்கை நூலில் அப்துல்லா விவரமாகச் சொல்கிறார்.

வாலஸ் இவர்களில் நன்றாக எழுதத் தெரிந்தவர். 1869இல் வந்த அவருடைய மலாய்த் தீவுக்கூட்டம் நூலில் லேடாங் பயணம் சில பக்கங்கள்தான். ஆனால் படிக்கும்போது நம் கால் வலிக்கும். மூட்டை சுமக்க ஆறு மலாய்க்காரர்கள், அரசுப் பணியிலிருந்த ஒரு நண்பர், முழங்கால்வரை சேறு, அட்டைகள். பாடாங் பத்து என்ற சரிந்த பாறைவெளிக்கு வந்தபோது தாகம். தண்ணீர் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள், கிடைக்கவில்லை. அங்கே நிறைந்திருந்த குடுவைச்செடிகளைப் பார்த்தார். ஒவ்வொரு குடுவையிலும் கொஞ்சம் தண்ணீர், அதில் செத்த பூச்சிகள். முதலில் மனம் வரவில்லை. குடித்துப் பார்த்தால், சற்றுச் சூடாக இருந்தாலும் சுவையாகவே இருந்ததாம். எல்லாரும் குடித்தார்கள்.

ஆர்கஸ் என்ற பெரிய காட்டுக்கோழி இனப் பறவைக்காகவும் அவர் ஏங்கினார். அதன் குரல் கேட்கும், பறவை தெரியாது. ஒன்றைச் சுட்டுத் தரும்படி கூட வந்த முதிய மலாய்க்காரரிடம் கேட்டார். இருபது வருடமாக இந்தக் காடுகளில் பறவை சுடுகிறேன், ஒன்றைக்கூடச் சுட்டதில்லை, வலையில் விழுந்ததைத் தவிர கண்ணால் பார்த்ததும் இல்லை என்றாராம் அவர். அடிவாரத்தில் யானை, காண்டாமிருகத்தின் சாணத்தைப் பார்த்திருக்கிறார்கள். காண்டாமிருகம் இந்த நாட்டிலிருந்தே போய்விட்டது. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் 2019இல் சபாவில் இறந்தது. வாலஸ் எளிதாக எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரியை இப்போது படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் வாலஸோடு நான் ஒத்துப்போவதில்லை. உச்சியிலிருந்து தெரிந்த காட்சி அழகுதான், ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும் காடு ஒரே மாதிரி அலுப்பாக இருக்கிறது என்றும், இது தம் ஊர் ஸ்னோடன் மலைக்காட்சிக்கு ஈடாகாது என்றும் எழுதினார். ஸ்னோடன் 1,085 மீட்டர்தான், நம் மலையை விடக் குள்ளம். அது போகட்டும். அவர் அலுத்துக்கொண்ட அந்தக் காடு அடுத்த அறுபது ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் போய்விட்டது. அதை அழித்த மரத்தின் கதையும் இதே மலையோடு பின்னியிருக்கிறது.

1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் தாவரப் பூங்காவுக்கு வந்தன. 1888இல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி அந்த மரத்தை நடும்படி தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்தார். அதனால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர். பட்டையை மெல்லிதாகச் சீவினால் மரம் சாகாது, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கலாம் என்று காட்டியவரும் அவர்தான். அவர் பேச்சை நம்பி முதலில் பெரிய அளவில் நட்டவர் மலாக்காவின் டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு புக்கிட் அசஹானுக்கு வந்தார். அசஹான் லேடாங்கின் மலாக்காப் பக்க அடிவாரம். மலாயாவின் ரப்பர் யுகம் பிறந்த இடங்களில் ஒன்று இந்த மலையின் காலடி.

அதே ரிட்லி தாவரவியலாளராக இந்த மலையையும் நேசித்தார். 1901இல் மவுண்ட் ஓபிரின் தாவரங்களைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட்டார். மேலே உள்ள செடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பதிந்த அதே மனிதர், கீழே உள்ள காட்டை வெட்டிச் சாய்க்கக் காரணமான விதையைக் கைகொள்ளக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த விதை இல்லையென்றால் என் பாட்டி ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்க மாட்டார். இருந்தாலும் ரிட்லி கண்ட மட்டோனியாவை நானும் காணத் தொடங்கிய பிறகு, இரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கிக் கப்பல் செலவைத் தோட்ட முதலாளிகள் பகிர்ந்துகொண்டார்கள். 1938இல் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. இந்த மலைப்பக்கத்து மூவார் வட்டாரம் 1877இல்தான் ஆட்சியாளர் அபு பக்காரின் ஜொகூரோடு சேர்ந்தது. தங்காக், சாகில், ஜெமந்தா என்று மலையைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்தன.

பாட்டியின் நாள் இருட்டில் தொடங்கும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கு, இடுப்பில் உளி, கையில் வாளி. வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் குளிர் போவதற்குள் நிரையை முடிக்க வேண்டும். பிறகு மரத்தில் கட்டிய மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து, காண்டாக் கம்பில் தூக்கி, ஆலைக்கு. பால் நிறுத்து முடிய உச்சிவேளை. இயற்கையை அவர் ரசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மலைமேல் மேகம் தொப்பி போட்டால் மழை, வெட்டு கிடையாது. உச்சி தெளிந்திருந்தால் மங்கு நிறையும். எங்கள் லயத்து வானிலை அறிக்கை லேடாங்தான். அவர் மலையை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். போய்ப் பார்க்க மட்டும் நாள் கிடைக்கவில்லை.

இந்த நாட்டில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. தோட்டத்தில் இருந்தது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் இலையைச் சிவக்கவிட்டு உதிர்க்கும். தரையெல்லாம் சருகு, வானம் திடீரென்று அகலமாகிவிடும், மலை அருகில் வந்ததுபோல் தெரியும். பால் குறையும், கூலியும் குறையும். பெரியவர்களுக்கு அது இறுக்கமான மாதம். எங்களுக்கோ, சருகில் கால் புதைய ஓடிய நாட்கள் அவை.

1948இல் அவசரகாலம் வந்தது. 1960வரை அது நீடித்தது. ஜொகூரின் காடுகளில் கம்யூனிஸ்ட் போராளிகள் கடைசிவரை தாக்குப்பிடித்தார்கள். சிதறிக் கிடந்த லயங்களை முள்வேலிக்குள் சேர்த்துக் கட்டினார்கள். வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக விடவில்லை. பாட்டி பசியோடு மரம் வெட்டிய காலம் என்று அதைத்தான் சொல்வார். பெண்களுக்கு ஆண்களை விடக் கூலி குறைவாக இருந்த காலமும் அது. மலையை நோக்கிப் பாதை விலகி நடந்தாலே சந்தேகக் கேஸ். என் அப்பா தலைமுறைப் பிள்ளைகளுக்கு மலை என்றால் பயம் என்று ஆனது அப்படித்தான். மலையில் முனி இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்ன கதைகளில் அந்தப் பழைய பயத்தின் மிச்சமும் கலந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பயம் தெளிந்த பிறகு மலையில் எங்களுக்குக் கிடைத்த முதல் பங்கு சாகில் அருவி. சம்பளம் வாங்கிய பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து லாரி பிடிக்கும். புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், பெரிய அலுமினியப் பானையில் கோழிக்குழம்பு. பெண்கள் சேலையோடு தண்ணீரில் இறங்கி உட்காருவார்கள். மலையின் வயிற்றிலிருந்து வரும் அந்தத் தண்ணீர் எலும்புவரை குளிரும். பாட்டி ஒரு வழவழப்பான கிரானைட் பாறையில் காலை நீட்டி உட்கார்ந்து, மேலே எங்கிருந்து இது வருகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அருவிக்கு மேலே யாரும் போனதில்லை. போக வேண்டும் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

இன்னொரு வழியிலும் மலை எங்கள் வீட்டுக்குள் வந்தது. உச்சியில் வானொலி, தொலைக்காட்சி அலைபரப்புக் கோபுரம் நட்டார்கள். தோட்டத்து மன்றத்தில் இருந்த ஒரே கறுப்பு வெள்ளைப் பெட்டியில் தமிழ்ப்படம் போடும் நாளில் பாய் விரித்துக் கூட்டம் உட்காரும். படம் மினுக்கினால் பிள்ளைகள் எழுந்து வெளியே ஓடி மலைப்பக்கம் பார்ப்போம், மேகம் மூடியிருக்கிறதா என்று.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் பாசீர் கூடாங்குக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போனார்கள். லயங்கள் காலியாயின. நான் படித்து ஆசிரியையாகித் தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்தேன். லேடாங் ஜொகூரின் தேசியப் பூங்காக்களில் ஒன்றானது. மலையில் முழுதாக ஏறும் நாள் எனக்கு வேலை ஓய்வுக்குப் பிறகே வந்தது. கூட வந்தது என் தங்கை மகள். ஜொகூர் பாருவில் வங்கியில் வேலை பார்ப்பவள், வார இறுதி தவறாமல் எங்காவது மலையேறுகிறவள்.

சாகில் பக்கத்து வாசலில் விடியற்காலையிலேயே பெயரைப் பதிந்து, பையில் இருக்கும் பொருட்களை எழுதிக் கொடுக்க வேண்டும்; இறங்கும்போது திரும்பச் சரிபார்ப்பார்கள், குப்பை மேலே தங்கக்கூடாது என்பதற்காக. வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். எங்களுக்கு வந்தவர் சாகிலைச் சேர்ந்த மலாய் இளைஞர். என் வயதைப் பார்த்து, “ஆன்ட்டி, பெலான்-பெலான்” என்றார் அடிக்கடி. மெதுவாகப் போகலாம் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்தது. மெதுவாகப் போனால்தான் இது மலை.

அன்று மழை இல்லை, வெயிலும் மரங்களுக்கு அடியில் இறங்கவில்லை. அருவியை ஒட்டிய படிகள் முடிந்ததும் வேர்கள் படியாயின. இருவாச்சி ஒன்று தலைக்குமேல் கடந்தபோது அதன் இறக்கைச் சத்தம் ஆள் மூச்சுவிடுவதுபோல் கேட்டது. பிரம்பு முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. பிறகு கயிறு பிடித்து ஏறும் பாறைகள், இரும்பு ஏணிகள். ஏறுகிறவர்களைக் கொல்லும் என்று பொருள்பட கேஎஃப்சி என்று பெயர் வைத்த செங்குத்து ஒன்று உண்டு; அங்கே பேசுவதை எல்லாருமே நிறுத்திவிடுகிறார்கள். மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, பாசி தடித்து, காற்று மாறியது. சாகிலில் 32 டிகிரி என்றால் உச்சியில் ஏழெட்டு டிகிரி குறையும். மட்டோனியா அங்கே நின்றது. குடுவைச்செடிகளும். ஒரு குடுவையின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தேன், தண்ணீரும் எறும்புகளும். தங்கை மகளுக்கு வாலஸ் குடித்த கதையைச் சொன்னேன். “பெரியம்மா, நீங்க குடிக்காதீங்க” என்று போத்தலை நீட்டினாள்.

உச்சியில் வழிகாட்டி எல்லாத் திசையையும் காட்டினார். மேற்கே கடல். கீழே நான்கு பக்கமும் கட்டம் கட்டமாகச் செம்பனை. தங்காக் சாலையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து விரலை நகர்த்தி எங்கள் தோட்டம் இருந்த இடத்தைக் காட்டினேன். பாட்டியின் நிரை எங்கே முடிந்தது என்று மலையிலிருந்து பார்த்துச் சொல்ல முடிந்தது. அவர் அங்கிருந்து இங்கே பார்த்த கோடு நேர்க்கோடுதான். தங்கை மகள் அதைத் தன் கைப்பேசி வரைபடத்தில் குறித்து வைத்துக்கொண்டாள். கொண்டுபோன புளிச்சோற்றை வழிகாட்டியோடு பகிர்ந்து சாப்பிட்டோம். அவருடைய தாத்தாவும் தோட்டத்தில் வேலை பார்த்தவராம், லாரி ஓட்டுநர்.

சாகில் வாசலில் இளவரசியின் கதையும் வாலஸின் பெயரும் ஏற வருகிறவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகின்றன. மலையைச் சுற்றி மூன்று தலைமுறை மரம் வெட்டியவர்கள் மலையைப் பற்றி அறிந்திருந்தவை எங்கும் எழுதப்படவில்லை: எந்த மேகத்துக்கு வெட்டு நிற்கும், எந்த ஓடையில் எந்த மாதம் மீன் ஏறும், அவசரகாலத்தில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று. அவர்களில் சிலர் தங்காக்கிலும் மூவாரிலும் பிள்ளைகள் வீட்டுத் திண்ணைகளில் இன்னும் இருக்கிறார்கள். வரும் பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர்கள் சிலரை மலைக்கு அழைத்துப் போகிறேன். ஒவ்வொருவரும் அதற்கு முன் ஒரு தோட்டத்துப் பெரியவரிடம் போய் உட்கார்ந்து, அவர் பார்த்த மலையைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் ஏற்கெனவே எழுதி அனுப்பிவிட்டார்கள்.